ஒலி ஒன்றானால் சொல்லும் ஒன்றா? 'மாத்தா'வைக் கொண்டு சொற்பிறப்பு ஆராயும் முறை

மலாய் மொழியில் கண்ணுக்கு 'மாத்தா' என்று பெயர். பிலிப்பைன்ஸின் தகலோகு, பசிபிக் தீவுகளின் பிஜியம், சமோவன், தோங்கன் ஆகிய மொழிகளிலும் அதுவே கண். ஹவாய் மொழியில் 'மாக்கா', மடகாஸ்கரின் மலகாசியில் 'மாசு', வியட்நாமியத்தில் 'மத்', இக்காலக் கிரேக்கத்தில் 'மாத்தி', தாய்லாந்தின் தாய் மொழியில் 'தா' என்பனவும் கண்ணையே குறிக்கின்றன. அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான், ஸ்பானியத்தில் 'மாத்தா' என்றால் கொல்கிறான், மலாயில் 'மாத்தி' என்றால் இறந்துபோன. இவற்றுள் எவை ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள், எவை ஒரு மொழி மற்றொன்றிடம் வாங்கிய கடன், எவை வெறும் தற்செயல் என்று பிரித்தறிவதற்கு மொழிநூலார் கையாளும் வழிகளை, இந்த ஒரு சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

இத்தகைய சொற்பட்டியல்கள் தமிழ் இணையத்தில் நாள்தோறும் உலவுகின்றன. அவற்றுட் பல 'எல்லாம் ஒரே வேர்' என்ற முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற சொற்களைப் பிறகு தேடுபவை. மலாய், தகலோகு, ஹவாய் முதலியவை அடங்கிய ஆஸ்திரனேசிய மொழிக்குடும்பத்தை நான் பயிற்சிக்களமாகத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே நம் பெருமிதமோ சினமோ குறுக்கிடுவதில்லை என்பதுதான். தைவானிலிருந்து நியூசிலாந்து வரையிலும், மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரையிலும் பரந்து கிடக்கும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 1,200 மொழிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பழைய எழுத்துச் சான்று கிடையாது என்பதால், உறவை ஒலிகளைக் கொண்டே நிறுவியாக வேண்டும். முறையைக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒலியைச் சரியாகப் பதிவு செய்க

முதல் வேலை, சொல் எப்படி எழுதப்படுகிறது என்பதை விட்டுவிட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது. தமிழ் எழுத்தில் எழுதுவோருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் தகரம் நம் வாயில் மெலிந்துவிடும் என்பதால்தான் 'மாத்தா' என்று இரட்டித்து எழுதியிருக்கிறேன். மலாயில் அங்கே இருப்பது ஒற்றைத் தகரமே. முதல் அசையின் ஆகாரமும் நாம் எழுதும் அளவுக்கு நீளமானதன்று.

உரோமன் எழுத்தைப் பார்த்து ஏமாறுவதும் எளிது. மலகாசி மொழியில் ஓகாரத்துக்குரிய உரோமன் எழுத்தை உகரமாகவே வாசிக்க வேண்டும். ஆகவே அங்கே கண், 'மாசோ' என்பது போல எழுதப்பட்டாலும் 'மாசு' என்றே ஒலிக்கிறது. (நம் 'மாசு' இதற்கு உறவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.) ஹவாயின் எழுத்துமுறையோ 1826-இல் கிறித்தவ மறைப்பணியாளர் குழு வாக்கெடுத்து முடிவு செய்தது. அதற்கு முன் தீவுக்குத் தீவு ககரமும் தகரமும் மாறிமாறி வழங்கின. அரசர் கமேஹமேஹாவின் பெயரைத் தகரத்தில் தொடங்கி எழுதிய பழைய பதிவுகள் உண்டு. குழு ககரத்தைத் தேர்ந்தெடுத்தது. நீஹாவ் தீவினரின் பேச்சில் தகரம் இன்றும் வாழ்கிறது. ஆகவே 'மாக்கா' என்ற வடிவைப் பார்த்தவுடன், அது 'மாத்தா'விலிருந்து வெகுதொலைவில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

சொல்லைப் பிரித்துப் பார்க்க

தகலோகில் 'மாத்தாஆஸ்' என்றால் உயரமான, 'மாத்தந்தா' என்றால் முதிய, 'மாத்தாபா' என்றால் கொழுத்த. மூன்றிலும் 'மாத்தா' போன்ற ஒலி கேட்டாலும் ஒன்றிலும் கண் இல்லை. 'மா' என்பது பண்பைக் குறிக்கும் முன்னொட்டு; அதை நீக்கினால் எஞ்சுவன 'தாஆஸ்', 'தந்தா', 'தாபா' என்னும் வேறு வேறு சொற்கள். ஏழைகளை இழிவாகப் பார்ப்பவரைத் தகலோகில் 'மாத்தாபோப்ரே' என்பார்கள். 'ஏழைமேல் கண் வைப்பவர்' என்று அதற்குப் பொருள் கற்பிக்கும் ஆசை யாருக்கும் எழும். ஆனால் அது ஸ்பானியத்திலிருந்து வந்த 'ஏழையைக் கொல்லி' என்னும் தொடர். இத்தகைய மக்கள் வழக்குப் பிரிப்புகள் சுவையானவை. சான்றாக மட்டும் கொள்ளத்தக்கவை அல்ல. ஹவாயில் காற்றைக் குறிக்கும் 'மாக்கானி'யும் கண்ணோடு தொடர்பற்றது. நியூசிலாந்தின் மாவோரியில் உள்ள 'மாத்தாங்கி' (இளங்காற்று), சமோவனின் 'மாத்தாங்கி' (காற்று) ஆகியவற்றோடு அதை வைத்துப் பார்த்தால் அது தனிச்சொல் என்பது விளங்கும்.

பிரித்துப் பார்ப்பதன் முழுப் பயனும் 'மாத்தி'யில் தெரிகிறது. மலாயின் 'மாத்தி'க்கும் அரபியின் 'மாத்த'வுக்கும் பொருளும் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் தகலோகில் இறந்த என்பதற்குச் சொல் 'பாத்தாய்'; 'இறந்தான்' என்பது 'நமாத்தாய்'. அதாவது முதலில் நிற்கும் மகரமும் பகரமும் முன்னொட்டின் பகுதிகள்; வேரில் எஞ்சுவது 'ஆத்தாய்' போன்ற ஒன்றுதான். அரபிச் சொல்லிலோ மகரம் வேரிலேயே உள்ளது. அதன் வேர்மெய்கள் ம், வ், த் என்னும் மூன்று. எபிரேயம் முதலிய உறவு மொழிகளும் அந்த மகரத்தைக் காட்டுகின்றன. ஒட்டை நீக்கிய பிறகு இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரு தகரம் மட்டுமே. ஒரு தகரத்தை வைத்து உறவு கொண்டாட முடியாது.

பழைய வடிவத்தைத் தேடுக

எழுத்து வரலாறு நீண்ட மொழியாக இருந்தால் இந்த ஒரு படியே போதும். இக்காலக் கிரேக்கத்தின் 'மாத்தி' பழங்கிரேக்கத்தில் இல்லை. அங்கே கண்ணுக்கு 'ஓம்மா' என்று ஒரு சொல் இருந்தது. அதன் குறுமைப்பெயர் 'ஒம்மாத்தியொன்'. காலப்போக்கில் முதல் உயிரும் இறுதி அசையும் தேய்ந்து 'மாத்தி' ஆயிற்று. 'ஓம்மா'வின் வேரோ பார்த்தலைக் குறிக்கும் 'ஓப்' என்பது. இரண்டாயிரம் ஆண்டு பின்னே சென்றால் மலாயோடு இருந்த ஒப்புமை கரைந்துவிடுகிறது. உண்மையான உறவில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பின்னே செல்லச் செல்ல வடிவங்கள் நெருங்கி வரும்.

தனிச்சொல்லை நம்பாமல் வரிசை வரிசையாக ஒப்பிடுக

இதுவே முறையின் உயிர்நாடி. குறுகிய சொற்களில், அதிலும் ஒலிகள் குறைந்த மொழிகளில், தற்செயல் ஒப்புமை மலிந்து கிடக்கும். ஹவாயில் மெய்யொலிகள் எட்டுதான். எந்த மொழியோடு ஒப்பிட்டாலும் அதில் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். ஆகவே ஒரு சொல் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல், இரண்டு மொழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல சொற்களிலும் ஒரே ஒழுங்கில் திரும்ப வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

கண், இறத்தல், ஈரல் என மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம். மலாயில் இவை 'மாத்தா', 'மாத்தி', 'ஹாத்தி'. தகலோகில் 'மாத்தா', 'பாத்தாய்', 'ஆத்தாய்'. மாவோரியில் 'மாத்தா', 'மாத்தே', 'ஆத்தே'. ஹவாயில் 'மாக்கா', 'மாக்கே', 'ஆக்கே'. (மாவோரியில் 'மாத்தா' முகத்தையும் குறிக்கும்.) இப்போது மாவோரியையும் ஹவாயையும் அருகருகே வைத்தால், ஒன்றில் தகரம் உள்ள இடத்திலெல்லாம் மற்றதில் ககரம் நிற்கிறது. ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் மாவோரியின் 'ஃபீத்து' ஹவாயில் 'ஹீக்கு' என்றிருப்பதும் அதே ஒழுங்கு. சொல்லின் இறுதியிலும் ஒழுங்கு உண்டு: தகலோகின் 'ஆய்' மலாயில் இகரமாகவும், மாவோரியிலும் ஹவாயிலும் ஏகாரமாகவும் வருகிறது. இறத்தலிலும் ஈரலிலும் அது மாறாமல் திரும்புகிறது. கண்ணில் 'ஆய்' இல்லாததால் அங்கே வரவில்லை. இந்த அளவு ஒழுங்கு தற்செயலால் அமையாது.

ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். தகரம் ககரமானால், ஹவாயின் பழைய ககரம் எங்கே போயிற்று? மீனைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'ஈக்கான்', மாவோரிச் சொல் 'ஈக்கா', ஹவாய்ச் சொல் 'இஆ'. இரண்டு உயிர்களுக்கும் நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்து ஒலிக்க வேண்டும். பழைய ககரம் தொண்டையடைப்பாக மாறி இடத்தைக் காலி செய்த பிறகு, தகரம் அங்கே குடியேறியிருக்கிறது. ஒரு மாற்றத்தைச் சொல்பவர் அதன் அண்டை ஒலிகளுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லியாக வேண்டும். 'தகரம் ககரமாகத் திரியும்' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

அடுத்து, குடும்பத்தின் மிகப் பழைய கிளைகளைக் கேட்க வேண்டும். அவை தைவானின் தொல்குடி மொழிகள். தெற்குத் தைவானின் பைவான் மொழியில் கண் 'மாத்ஸா', இறத்தல் 'மாத்ஸாய்', ஈரல் 'கத்ஸாய்'. மூன்றிலும் தகரத்துக்கு இணையாக 'த்ஸ்' என்னும் ஒலி நிற்கிறது. ஆனால் தகலோகில் 'பீத்தோ', ஜாவானியத்தில் 'பித்து' எனத் தகரம் பெற்ற ஏழு, பைவானில் 'பித்யு' என்று 'த்ய்' ஒலியோடு வருகிறது. மூன்று என்னும் எண்ணும் அவ்வாறே ஜாவானியத்தில் 'தெலு', பைவானில் 'த்யெலு'. அப்படியானால் தகலோகும் ஜாவானியமும் ஒரே தகரமாக வைத்திருப்பது, முற்காலத்தில் இரண்டு வேறு ஒலிகளாக இருந்திருக்கிறது. பைவான் முதலிய சில தைவான் மொழிகள் அந்த வேறுபாட்டைக் காத்தன. தைவானுக்கு வெளியே உள்ள ஆஸ்திரனேசிய மொழிகள் அனைத்திலும் இரண்டும் கலந்துவிட்டன. கலந்துபோன ஒலிகளை எந்தச் சொல்லில் எது என்று எந்தத் தலைமுறையாலும் மீண்டும் பிரிக்க முடியாது என்பதால், தைவான் மொழிகள் குடும்பத்திலிருந்து முதலில் கிளைத்தவை என்பதற்கு இது வலுவான சான்று. மொழிநூலார் கண்ணுக்குரிய தாய்ச்சொல்லை '*மாத்ஸா' என்று மீட்டெடுத்ததும் இப்படித்தான். முன்னே உள்ள உடுக்குறி, அச்சொல் எங்கும் எழுத்தில் கிடைத்ததன்று, ஒப்பீட்டால் கணித்தது என்பதைக் காட்டுகிறது. நீங்கள் எழுதும்போதும் கணித்த வடிவத்துக்கு உடுக்குறி இடுவதைத் தவறவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் படிப்பவர் அதை ஏட்டுச் சான்று என்று எடுத்துக்கொள்வார்.

ஒரே மொழிக்குள்ளும் இரண்டு சொற்கள் கலந்திருக்கலாம்

ஹவாய் அகராதியில் 'மாக்கா' என்ற தலைச்சொல்லைத் திறந்தால் கண், முகம், அன்புக்குரியவர், கூர்முனை, வலைக்கண் ஆகிய பொருள்களோடு 'பச்சையான, சமைக்காத' என்ற பொருளும் இருக்கும். சமோவனின் 'மாத்தா'வும் கண்ணையும் காயையும் ஒருங்கே குறிக்கும். கண்ணுக்கும் சமைக்காத மீனுக்கும் இடையே கற்பனையால் ஒரு பாலம் கட்டலாம், கட்டத் தேவையில்லை. பச்சையைக் குறிக்கும் சொல்லின் தாய்வடிவம் இறுதியில் ஒரு தொண்டைமெய்யைக் கொண்டிருந்தது. மலாயில் அந்த மெய் ஹகரமாகும். சமைக்காத என்பதற்குரிய மலாய்ச் சொல்லான 'மெந்தாஹ்', நடுவே ஒரு மூக்கொலி சேர்ந்திருந்தாலும், இறுதியில் அந்த ஹகரத்தைக் காத்து வைத்திருக்கிறது. ஹவாய், சமோவன், மாவோரி முதலிய பொலினேசிய மொழிகள் இறுதி மெய்களை எல்லாம் இழந்தபோது இரண்டு சொற்களும் ஒரே உருவம் பெற்றன.

தமிழில் இதற்கு ஓர் அழகான இணை உண்டு. சமயத்தைக் குறிக்கும் 'மதம்' என்பது கருத்து என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வல்லின ஒலி. யானைக்குப் பிடிக்கும் 'மதம்' வேறொரு வடசொல், அதற்கு மெல்லொலி. நம் எழுத்தில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே தகரம் என்பதால் இரண்டும் ஒன்றாயின. இந்த ஒருமையை வைத்து மேடையில் சிலேடை பேசலாம், வரலாறு எழுத இயலாது.

பொருள் ஒப்புமையை எடைபோடும் முறை

மலாயில் 'மாத்தா' கண்ணோடு நின்றுவிடவில்லை. 'மாத்தாஹாரி' (பகலின் கண்) என்றால் ஞாயிறு. 1917-இல் பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்ட டச்சு நடனக்காரி மார்கரேத்தா செல்லே, கிழக்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்துவிட்டு வந்து தமக்குச் சூட்டிக்கொண்ட மேடைப்பெயர் இதுதான். 'மாத்தா ஆயர்' என்றால் நீரூற்று, 'மாத்தா பீசாவ்' கத்தியின் அலகு, 'மாத்தா ஜாலா' வலைக்கண், 'மாத்தா ஈக்கான்' (மீன்கண்) காலில் வரும் ஆணி, 'மாத்தா ஆங்கின்' காற்றின் திசை. 'மாத்தா-மாத்தா' என்று இரட்டித்தால் ஒற்றன். முன்பு அதுவே காவலரையும் குறித்தது, சிங்கப்பூரில் பேச்சுவழக்கில் காவலர் இன்றும் 'மாத்தா'தான்.

தமிழர் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஊற்றுக்கண்ணும் வலைக்கண்ணும் சல்லடைக்கண்ணும் உடனே நினைவுக்கு வரும். அரபியில் 'அய்ன்' என்பது கண்ணையும் ஊற்றையும் குறிக்கும். பாரசீகத்தில் 'சஷ்ம்' கண். அதிலிருந்து பிறந்த 'சஷ்மே' ஊற்று. (இந்திக்காரர் மூக்குக்கண்ணாடியைச் 'சஷ்மா' என்பதும் அதே சொல்தான்.) தாய் மொழியில் 'தா நாம்', நீரின் கண், என்றால் ஊற்று. ஞாயிற்றைப் பகலின் கண் என்று பிஜியம் 'மாத்தானிசிங்கா' என்கிறது, தாய் மொழி 'தாவன்' என்கிறது. ஆங்கிலேயரோ அதே தொடரைச் சூட்டியது ஒரு சிறு பூவுக்கு, நாம் டெய்சி என்று அறியும் பூவுக்கு. காலாணியைத் தாய் மொழியும் மீன்கண் என்றே சொல்கிறது. சீனரும் ஜெர்மானியரும் கோழிக்கண் என்கிறார்கள்.

தரையில் சிறு துளை வழியாக நீர் கசிவதைப் பார்க்கும் எந்த மனிதருக்கும் கண் நினைவுக்கு வரலாம். ஆகவே பொருள் விரிந்த பாதை ஒன்றாக இருப்பது, சொற்கள் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. அது பயன்படும் இடம் வேறு: ஒலி ஒழுங்கால் உறவு நிறுவப்பட்ட பிறகு, அந்தத் தொடரும் மூதாதை மொழியிலிருந்தே வந்ததா அல்லது அண்டை மொழியைப் பார்த்து அமைத்ததா என்ற கேள்வியில் அது உதவும். மீன்கண், ஊற்றுக்கண் போன்றவை தென்கிழக்காசியாவில் உறவில்லாத மொழிகளிலும் அருகருகே காணப்படுவதால், அவற்றுள் சில மொழிக்கு மொழி பெயர்த்துக்கொண்டவையாக இருக்கவும் கூடும்.

கடன் வாங்கியதைக் கண்டுபிடித்தல்

மலாயில் 'காப்பால்' என்றால் கப்பல், 'கெடாய்' என்றால் கடை, 'கோலாம்' என்றால் குளம், 'மோடால்' என்றால் வணிகத்துக்குப் போடும் முதல். இவை தமிழிலிருந்து சென்றவை. வணிகர் போன இடமெல்லாம் சொல்லும் போயிற்று. இவற்றை வைத்து மலாயும் தமிழும் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இதிலிருந்து பலர் எடுக்கும் அடுத்த முடிவு பிழையானது: வணிகச் சொற்கள் கடனாகும், உடலுறுப்புச் சொற்கள் கடனாகமாட்டா என்பது. மலாயில் முகம் 'மூக்கா', தலை 'கெப்பாலா', தோள் 'பாஹு'. மூன்றும் வடமொழியின் முக, கபால, பாஹு. உறுப்புப் பெயர்கள் எளிதில் கடனாவதில்லை என்பது பொதுப்போக்கு. அதைச் சட்டமாக்கக் கூடாது.

இனி, நெடுநேரம் ஒதுக்கி வைத்திருந்த மலகாசியின் 'மாசு'வுக்கு வருவோம். மலகாசி ஆஸ்திரனேசியக் குடும்பத்தது. அதன் மிக நெருங்கிய உறவு தென் போர்னியோவின் மாஅன்யான் மொழி என்று நார்வே அறிஞர் ஓட்டோ கிறிஸ்டியான் டால் 1951-இல் காட்டினார். கண்ணுக்கு அங்கே 'மாத்தே'. ஆகவே 'மாசு'வையும் 'மாத்தா'வின் பிள்ளை என்று எழுதிவிடுவது இயல்பு. பலரும் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் விதியைப் பொருத்திப் பாருங்கள். மலகாசியில் தகரம் தகரமாகவே நிற்கிறது: இறந்த என்பது 'மாத்தி', ஈரல் 'ஆத்தி', ஏழு 'ஃபீத்து'. சொல்லிறுதி ஆகாரம் இகரமாகிறது: ஐந்தைக் குறிக்கும் 'லீமா' அங்கே 'டீமி', தீவைக் குறிக்கும் 'நூசா' அங்கே 'நூசி'. இரண்டு விதிகளையும், '*மாத்ஸா' தைவானுக்கு வெளியே அடைந்த வடிவமான '*மாத்தா'வின்மேல் ஏற்றினால் வர வேண்டிய வடிவம் 'மாத்தி'. வந்திருப்பதோ 'மாசு', சகரமும் பொருந்தவில்லை, உகரமும் பொருந்தவில்லை.

இப்போது கடலுக்கு மறுகரையில் ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். மலாவியின் செவா மொழியில் ஒரு கண் 'டீசோ', கண்கள் 'மாசோ'. சுவாஹிலியில் ஒரு கண் 'ஜிச்சோ', கண்கள் 'மாச்சோ'. அங்கே 'மா' என்பது பாண்டு மொழிகளின் பன்மை முன்னொட்டு. மடகாஸ்கரில் ஆஸ்திரனேசியரும் ஆப்பிரிக்கரும் கலந்து வாழ்ந்தனர். பாண்டுக் கடன்சொற்கள் மலகாசியில் பல உள்ளன. 'மாசு' பாண்டு மொழியொன்றிலிருந்து வந்தது என்று கொள்வதே, ஒலி விதிகளை மீறாமல் அதை விளக்கும் வழி. விதிப்படி வந்திருந்தால் கண்ணும் இறந்ததும் ஒரே ஒலியில் மோதியிருக்கும் என்பதும், கடன்சொல்லை ஏற்க ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். இது என் ஊகம், சான்று அன்று. இன்னொன்று இதைவிடச் சுவையானது. மலகாசியில் ஞாயிறு 'மாசுஆன்ட்ரு', அதாவது பகலின் கண். பகலைக் குறிக்கும் 'ஆன்ட்ரு' மாஅன்யானின் 'ஆன்ட்ராவ்' என்பதன் உறவு. போர்னியோவிலிருந்து கொண்டுவந்த தொடரமைப்பு அப்படியே இருக்க, அதனுள் இருந்த கண் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது.

ஆக, கிரேக்கத்தின் 'மாத்தி'யைவிட உறவுக்குள் இருக்கும் 'மாசு'வே ஆய்வாளரை அதிகம் ஏமாற்றக்கூடியது. குடும்பம் ஒன்று என்று தெரிந்த பிறகு விதிகளைச் சரிபார்க்கும் பழக்கம் தளர்ந்துவிடுகிறது.

குடும்ப எல்லைக்கு அப்பால்

எஞ்சியிருப்பவை வியட்நாமியமும் தாய்லாந்தின் தாய் மொழியும். வியட்நாமியத்தின் 'மத்' தனியாக நிற்கவில்லை. லாவோசின் க்மு மொழியில் 'மத்', மேகாலயாவின் காசி மொழியில் 'க்மத்', ஜார்க்கண்டின் முண்டாரியில் 'மெத்' என ஆஸ்திரோஆசியக் குடும்பம் முழுவதும் அதற்கு உறவுகள் உண்டு. 1906-இல் வில்ஹெல்ம் ஷ்மிட், இந்தக் குடும்பத்தையும் ஆஸ்திரனேசியத்தையும் இணைத்து ஆஸ்திரிக் என்னும் பெருங்குடும்பத்தை முன்மொழிந்தார். ஒப்புமைகள் சில உள்ளன. ஒழுங்கான ஒலி வரிசைகள் போதிய அளவு கிடைக்காததால் அக்கருத்து நிறுவப்படாமலேயே இருக்கிறது. இத்தகைய இடத்தில் 'ஒரே வேர்' என்றோ 'தற்செயல்' என்றோ எழுதாமல், 'முன்மொழியப்பட்டது, நிறுவப்படவில்லை' என்று எழுதுவதே முறை.

தாய் மொழியின் நிலை வலுவானது. கண் 'தா', இறத்தல் 'தாய்'. '*மாத்தா', '*மாத்தாய்' ஆகிய இரண்டிலும் முதலசை உதிர்ந்தால் கிடைப்பவை இவையே. ஒரு சொல்லை மட்டும் காட்டியிருந்தால் ஒதுக்கிவிடலாம். இரண்டு சொற்கள் ஒரே முறையில் தேய்ந்திருக்கின்றன. தாய் மொழிக்கு உறவான, தென் சீனாவில் பேசப்படும் பூயாங் மொழியில் கண்ணும் இறத்தலும் 'மாத்தா', 'மாத்தே' என முதலசையோடு இன்றும் வழங்குகின்றன. ஆஸ்திரனேசியத்தோடான இந்த உறவை 1942-இல் பால் பெனடிக்ட் முன்மொழிந்தபோது அவர் காட்டிய ஒப்பீடுகள் தளர்வானவை என்று பலர் ஏற்கவில்லை. 2005-இல் வீரா ஒஸ்தாபிராத் ஒழுங்கான ஒலி ஒப்புமைகளை எடுத்துக்காட்டிய பிறகு ஏற்போர் பெருகினர். கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான். அதை ஏற்கத் தகுந்ததாக்கியது ஒலி வரிசை.

நீங்களே முயன்று பார்க்க, மேலே ஒருமுறை தலைகாட்டிய 'லீமா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் பிளஸ்ட் வாழ்நாள் முழுவதும் தொகுத்த ஆஸ்திரனேசிய ஒப்பியல் அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, அதில் தொடங்கலாம். மலாயிலும் தகலோகிலும் 'லீமா' ஐந்து, ஹவாயில் அது கை, மாவோரியில் 'ரீமா', பைவானில் ஐந்தும் கையும் 'லீமா'வே. லகரமும் ரகரமும் மாறும் ஒழுங்கை வேறு நான்கைந்து சொற்களில் சரிபாருங்கள். கைக்கும் ஐந்துக்கும் உள்ள தொடர்பை விரல்களை எண்ணியே விளக்கிவிடலாம் என்றாலும், எந்தப் பொருள் முந்தியது என்ற கேள்விக்குத் தைவான் மொழிகளைத்தான் கேட்க வேண்டும். எலுமிச்சையைக் குறிக்கும் மலாயின் 'லீமாவ்' இடையில் வந்து குறுக்கிடும். பெரு நாட்டின் தலைநகர் லீமாவும் வரும். அது ரீமாக் என்னும் ஆற்றின் பெயரிலிருந்து வந்தது, அந்தப் பெயர் கெச்சுவா மொழியைச் சேர்ந்தது.